எழுபத்தாறு வாட் எங்கே போனது?

தாசையன் அண்ணன் — கட்டிலில், சுவரில் சாய்ந்து, மூக்கில் குழாயுடன்.

ரோஸ்லெட் மைனி, அவர் மனைவி — தலைமாட்டில், கையில் விசிறி.

சுனில் — ஆக்ஸிஜன் மிஷினை வாடகைக்குக் கொடுத்த கடையின் ஆள். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்தவர். வாசற்படியில்.

பெல்சி — அடுத்த வீடு. தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரி ஃபிசிக்ஸ் லேபில் அட்டெண்டர். ஜன்னலோரம்.

நான் — தரையில், பிளக் பாயின்ட்டுக்கு முன்னால்.

ஐந்து பேர். ஆறாவது, மிஷின். அன்றைக்கு எங்கள் எல்லாரையும்விட அதிகம் பேசியது அதுதான். பீப்... பீப்... பீப்...

போன செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி.

பாறசாலையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன் நான் என்று வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். படிப்பு ஏழாம் கிளாஸ். பேச்சும் குறைவு. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

தாசையன் அண்ணனுக்கு வயது அறுபத்தேழு. நுரையீரல் போய்விட்டது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியில் டாக்டர் ஒரு நிபந்தனையோடு வீட்டுக்கு விட்டார். ஆக்ஸிஜன் மிஷின் ராத்திரி பகலாக ஓட வேண்டும். ஓடினால் வீடு. ஓடாவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரி.

அந்த மிஷின் அறையின் காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

சரியாக இருந்ததா? அங்கேதான் கதை.

வெள்ளிக்கிழமை மிஷின் வந்தது. கொஞ்ச நேரம் ஓடும். பிறகு பீப் அடிக்கும். பிறகு நின்றுவிடும். நிற்கும்போதெல்லாம் சிலிண்டர். சனிக்கிழமை காலை சுனில் வந்து மிஷினைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். கடையில் நாள் முழுக்க ஓடியதாம். ஒரு பீப் இல்லையாம். ஞாயிறு அன்று வேறொரு மிஷின் கொண்டுவந்தார். அதுவும் இங்கே வந்ததும் அதே பாட்டு.

செவ்வாய் மதியம் மூலையில் நின்றது ஐந்தாவது சிலிண்டர். முள் சிவப்புக்குப் பக்கத்தில். சிவப்பைத் தொட்டால் ஆம்புலன்ஸ் என்று பேசி வைத்திருந்தார்கள். அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிப் பேசுகிற மனுஷன்.

“மக்கா... நான் இனி... அங்க போனா... திரும்ப... வரமாட்டேன்.”

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னார். மைனி விசிறியை நிறுத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதில் என் பங்கு என்ன? சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மைனி என்னைத்தான் கூப்பிட்டார். வந்தேன். டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. சுவிட்சைப் போட்டேன், பல்ப் பளிச்சென்று நின்றது. மீட்டரை வைத்தேன் — 227 வோல்ட். இதைவிட நல்ல கரண்ட் நெய்யாற்றின்கரை தாலுகாவில் கிடையாது. “கரண்ட்ல ஒண்ணும் இல்ல மைனி, மிஷின்ல உள்ள கோளாறாக்கும்” என்று சொல்லிவிட்டு, கட்டன்சாயா குடித்துவிட்டுப் போனேன்.

என் பேச்சை நம்பித்தான் மிஷினை மாற்றினார்கள். மூன்று நாள் போனது.

செவ்வாய் அன்று சுனில் அழாத குறை. மூன்றாவது தடவையாக ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். “சேட்டா, மெஷினு குழப்பமில்ல. ஞான் சத்யம் செய்யாம்” என்று நெஞ்சில் கை வைத்தார். நான், கரண்டிலும் கோளாறில்லை என்றேன். இரண்டு பேரும் சத்தியவான்கள். நடுவில் ஒரு மனிதனுக்கு மூச்சு இல்லை.

அப்போது பெல்சி கேட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

“அண்ணா, நீங்க வோல்ட் பாத்தது மிஷின் ஓடும்போவா, ஓடாதப்பவா?”

சனிக்கிழமை நான் வந்தபோது மிஷின் எங்கே இருந்தது? சுனிலின் ஆட்டோவில்... நெய்யாற்றின்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“ஓடாதப்ப,” என்றேன்.

“ஓடாதப்ப பாத்தா எல்லா வயரும் நல்ல வயராக்கும்.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பெல்சியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு வருஷம் முன்னால், லேபில் கருகிப்போன ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சாக்குப்பையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்தாள். எந்தக் கனத்தில் வயர் சுற்றுவீர்கள் என்று கேட்டாள். கண் பார்த்துச் சுற்றுவேன் என்றேன். முப்பது வருஷம் அப்படித்தான் சுற்றினேன். சில மோட்டார் பத்து வருஷம் ஓடும். சில பத்து நாளில் திரும்பி வரும். ஏன் என்று தெரியாது. மோட்டாரின் தலையெழுத்து என்று நினைத்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த சாக்பீஸை எடுத்து, ஷட்டரின் உள்பக்கம் இரண்டு வரி எழுதினாள்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்.

ஓம் என்றால், கரண்டை வயர் எவ்வளவு தடுக்கிறது என்பது. வாட் என்றால், அந்த இடத்தில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பது. ஒன்று வகுத்தல். ஒன்று பெருக்கல். இரண்டும் எனக்கு நாலாம் கிளாஸிலேயே தெரியும். எதை எதால் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

சாக்பீஸ் அழிந்துவிடும் என்று மறுநாளே அதன் மேல் பெயின்ட் அடித்தேன். இன்றும் இருக்கிறது. ஷட்டரை இறக்கினால் தெரியும்.

இவ்வளவு இருந்தும் சனிக்கிழமை டெஸ்டரை நம்பினேனே... பழைய புத்தி. பெயின்ட் அடித்தது ஷட்டரில்தானே, தலையில் இல்லையே.

சரி. செவ்வாய்க்கு வருவோம்.

இடத்தைச் சொன்னால்தான் புரியும். அண்ணன் வீடு மேட்டில். கீழே, ரோட்டோரம், ரப்பர் ஷீட் காயப்போடுகிற பழைய அறை ஒன்று. மேலே விறகடுப்பு, புகை. அண்ணனுக்கு ஆகாது. ஆம்புலன்ஸும் மேலே ஏறாது. அதனால் இந்த அறையை வெள்ளையடித்துக் கட்டில் போட்டார்கள். வீட்டிலிருந்து இங்கே வரை, ரப்பர் மரங்களில் ஆணியடித்து, ஏழு வருஷம் முன்னால் அண்ணனே இழுத்த வயர். அதில் அதுவரை எரிந்தது ஒரே ஒரு ஒன்பது வாட் பல்ப்.

மிஷின் முதுகைப் பார்த்தேன். 230 வோல்ட், 450 வாட். வகுத்தால் இரண்டு ஆம்பியருக்கு ஒரு துளி குறைவு.

பெல்சியை மேலே வீட்டு மீட்டர் போர்டுக்கு அனுப்பினேன், என் இன்னொரு மீட்டருடன். நான் கீழே. இரண்டு பேர் காதிலும் போன். சுனில் மிஷினைப் போட்டார். ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்.

“இருநூத்தி இருபத்தெட்டு,” என்றாள் பெல்சி, மேலிருந்து.

என் மீட்டரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.

190.

கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினேன். இரண்டு ஆம்பியர். மிஷின் கேட்டது அதுதான். ஆனால் 190 வோல்ட்டில் எந்த மிஷின் அழாமல் இருக்கும்?

சிகரெட் அட்டை கிடைக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.

228-இல் 190 போனால் 38. வழியில் தொலைந்த வோல்ட்.

38-ஐ இரண்டால் வகுத்தால் 19. வயரின் ஓம்.

போனில் பெல்சியிடம் சொன்னேன். இந்த நீளத்துக்கு நல்ல வயர் என்றால் இரண்டு ஓம் தாண்டக்கூடாது என்றாள்.

அப்படியானால் சனிக்கிழமை ஏன் தெரியவில்லை? பல்ப் எடுப்பது ஒரு ஆம்பியரில் நூற்றில் நாலு பங்கு. அதைப் பத்தொன்பதால் பெருக்கினால் ஒரு வோல்ட்கூட வராது. பல்ப் பளிச்சென்றுதான் எரியும். ஏழு வருஷமாக எரிந்தது. பாரம் ஏற்றாதவரை வயர் உத்தமன். மனிதர்களும் பாதிப்பேர் அப்படித்தான். சும்மா நிற்கும்போது எல்லாரும் 227 வோல்ட்.

கடைசியாகப் பெருக்கல். வீட்டிலிருந்து புறப்பட்டது 228 பெருக்கல் இரண்டு — 456. மிஷினுக்கு வந்து சேர்ந்தது 190 பெருக்கல் இரண்டு — 380.

நடுவில் 76 வாட் காணோம்.

காணாமல் போகுமா? போகாது. எங்கேயோ சூடாக எரிகிறது. நான் ஈயம் பற்றவைக்கிற இரும்பு அறுபது வாட். அதைவிடச் சூடான ஒன்று, இந்த மரங்களுக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல் காய்ந்துகொண்டிருக்கிறது.

இதை நான் வாய்விட்டுத்தான் சொன்னேன். மைனியின் விசிறி நின்றது.

“தம்பி, இத இப்ப சொல்லலாமாண்ணு தெரியல்ல. வெள்ளிக்கிழமைக்குப் பொறவு ரெண்டு தடவ வெட்டுனேன். ரெண்டு தடவையும் மூணாமத்த மரத்துச் சிரட்டையில பாலு கறுத்துக் கிடந்து. எவனோ தார் ஊத்துனாண்ணு அவன ஏசிட்டு இருந்தேன்.”

அண்ணன் படுத்த பிறகு மைனிதான் ரப்பர் வெட்டுகிறார். விடிவதற்குள் நூறு மரம். பிறகு இந்தக் கட்டிலின் தலைமாடு. அப்படிப்பட்டவர் ஒரு சிரட்டையில் வடிந்த ரப்பர் பாலின் நிறத்தைக் கவனித்து வைத்திருக்கிறார். நான் மீட்டரை வைத்துக்கொண்டு கவனிக்காததை.

மூன்றாவது மரத்துக்கு ஓடினேன்.

தலை உயரத்தில் வயரில் ஒரு முடிச்சு, தேங்காய் அளவுக்கு. பிளாஸ்டிக் சுற்றி, அதன் மேல் தார்ப்பசை பூசியது. தார் இளகி, பட்டை வழியாக இறங்கி, வெட்டுக்கோட்டில் கலந்து, சிரட்டைக்குள் சொட்டியிருந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன். அடுப்பு போல அடித்தது.

அது யார் கை வேலை என்று பார்த்தவுடன் தெரிந்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்கும் தெரியும்.

மழைக்காலத்திலும் ரப்பர் வெட்ட வேண்டுமானால் மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்ட வேண்டும். ரெயின்கார்டு என்போம். விளிம்பில் தார்ப்பசை வைத்து ஒட்டுவார்கள். அதில் தாசையன் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கட்டிய மரத்தில் ஒரு சொட்டு இறங்காது. அந்தக் கை நம்பிக்கையில் ஊரில் பலரும் வயர் ஜாயின்ட் நனையாமல் இருக்க அவரைக் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டதுண்டு.

மெயினை அணைத்துவிட்டு முடிச்சைக் கத்தியால் பிளந்தேன். உள்ளே ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் அலுமினியம். கையால் முறுக்கியது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றாகக் கிடந்தால் தின்றுகொள்ளும். வெள்ளைப் பொடியும் கரியுமாக இருந்தது. நூல் போல ஒரே ஒரு இழைதான் மிச்சம். அதன் வழியாகத்தான் அண்ணனின் மூச்சு வந்துகொண்டிருந்தது.

கட்டிய அன்று மழையாக இருந்திருக்க வேண்டும். வெளித்தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. உண்மைதான். உள்ளே இருந்த ஈரம் வெளியே வரவும் வழியில்லை.

அறைக்கு வந்து அந்த முடிச்சைக் காட்டினேன். பெல்சியும் மேலிருந்து இறங்கி வந்திருந்தாள். அண்ணன் வாங்கிப் பார்த்தார். தார் கையில் ஒட்டியது.

“எனக்க... கெட்டு.” கட்டைத்தான் கெட்டு என்றார். மூச்சு. “ஏழு வருசம்... ஒரு சொட்டு... இறங்கல்ல.”

“ஒரு சொட்டு இறங்கல்லியாம்,” என்றார் மைனி. “பின்ன எனக்க பால்ல இறங்கினது என்னவாம்? பாயசமா?”

சுனில் முதலில் சிரித்தார். பெல்சி வாயைப் பொத்தினாள். அண்ணனுக்குச் சிரிக்க மூச்சு இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டியிருந்த கிளிப் 87 காட்டியது. அவருக்கு அது தொண்ணூற்றுக்குக் கீழே போகக்கூடாது என்பது டாக்டர் சொன்னது.

சிரிப்பு நின்றது.

சுனில் என் பைக்கை எடுத்துக்கொண்டு என் கடைக்குப் போய் வயர்ச் சுருளைக் கொண்டுவந்தார். அது அவர் வேலை இல்லை. மிஷின் நல்லது என்று தெரிந்ததும் அவர் போயிருக்கலாம். போகவில்லை. நான் ஏணியில் நிற்க, கீழே வயர் விட்டுக்கொடுத்தார். சட்டையெல்லாம் ரப்பர் கறை. அலுமினியம் முழுக்கக் கழற்றினோம். மூன்றாவது மரத்திலிருந்து அறை வரை புதுச் செம்பு. முறுக்கு இல்லை — கனெக்டர் போட்டு, திருகு முறுக்கி, மூடியுள்ள பெட்டிக்குள். பெட்டியின் அடியில் ஈரம் வடிய ஒரு துளை.

நாற்பது நிமிஷம். மைனி சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை.

மெயினைப் போட்டேன். சுனில் மிஷினைப் போட்டார்.

புஸ்... புஸ்... புஸ்... அது அதன் மூச்சு. பீப் வருமா என்று எல்லாரும் காத்திருந்தோம். பாறசாலை ஸ்டேஷனில் ஒரு வண்டி வந்து நின்று புறப்படுகிற சத்தம் கேட்டது. அதுவரை வரவில்லை.

திரும்ப மேலே போன பெல்சி போனில் சொன்னாள், 228. கீழே 224. ஆம்பியர் அதே இரண்டு. நாலு வோல்ட்டை இரண்டால் வகுத்தால் இரண்டு ஓம். பெருக்கினால் எட்டு வாட். எழுபத்தாறு எங்கே, எட்டு எங்கே?

கால் மணி நேரத்தில் விரல் கிளிப் 90. அரை மணியில் 93. மைனி சிலிண்டரின் திருகை மூடினார். கைக்குட்டையால் அதைத் துடைத்தார், ஏன் என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தவர், நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

எனக்கு நன்றி சொல்ல வராது. நேரில் நின்றால் வாய் கட்டிக்கொள்ளும். அன்றும் பெல்சியிடம், மீட்டரைக் கொடு, நேரமாச்சு என்றுதான் சொன்னேன். அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டு வரி எழுதிக் கொடுத்தவளுக்கு நன்றி. அந்த இரண்டு வரியை நான் மறந்த நேரத்தில் ஒரே கேள்வியில் திருப்பிக் கொடுத்ததற்கு அதைவிட நன்றி. மிஷினைச் சுமந்தவருக்கு நன்றி. சிரட்டையைப் பார்த்தவருக்கு நன்றி. தெரிந்தவன் என்று என்னை நம்பி, நான் தெரியாதவன் என்று ஆன பிறகும் திரும்பக் கூப்பிட்ட வீட்டுக்கு நன்றி.

இன்னும் ஒருவர் பாக்கி.

நான் டூல்ஸ் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் அந்த முடிச்சைக் கீழே வைக்கவே இல்லை. உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலே, இது தீ பிடிச்சிருக்குமோ?”

பிடித்திருக்கும் என்றேன். பொய் சொல்ல முடியாது.

இப்போதுதான் முடிச்சைக் கட்டிலில் வைத்தார். பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அவருடைய கெட்டு என்றால் ஊரில் ஒரு பெயர் உண்டு. படுக்கையில் கிடக்கிற மனிதனுக்கு அந்தப் பெயர்தானே மிச்சம்?

“நீ எண்ணிக்கோ,” என்றார். தான் ஜாயின்ட் கட்டிய இடங்களைச் சொல்லத் தொடங்கினார்.

“பெல்சி வீட்டு கெணத்து மோட்டர், சுகுமாரனுக்க மாட்டுத் தொழுத்து, அவனுக்க தம்பி வீடு, சபையில மைக்செட் லைன், வாத்தியாருக்க கேட் லைட்டு, முக்குல சாயாக்கடை, தையக்கடை, பாலு எடுக்குத கடை, லில்லி வீட்டு குளிமுறி, பஸ் ஸ்டாப்பு பழக்கடை...”

நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்க நிற்கவில்லை. மைனி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், வீடுகளை அல்ல. நான் விரல் மடக்கினேன். பத்து விரலும் முடிந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

“பின்ன, உனக்க கடை போர்டு லைட்டு.”

பதினொன்று.